கைகளை வைக்குமுன்...

வாசிக்கவேண்டிய வேதபகுதிகள்: அப்போஸ்தலர் 6:1-7, 1 தீமோத்தேயு 3:1-13, தீத்து 1:5-9



எங்கள் சபையில் வருகிற மாதம் மூன்று புதிய மூப்பர்களைத் தெரிந்தெடுக்கப்போகிறோம். அதற்காக ஜெபித்துக்கொண்டிருக்கையில், இந்தப் பாடத்தை எழுதும்படி ஆவியானவர் என்னை ஏவினார். ஆனால் பேனாவை எடுத்தபோது கை நடுங்கினது. ஏனென்றால் இந்தக் காரியத்தில் நான் ஒருமுறை பெரிய தவறு செய்தவன். அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் போதிக்க என் மனசாட்சி இடங்கொடுக்கவில்லை. ஆகவே முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பிறகு வேதத்துக்குள் போவோம்.

நான் செய்த தவறு

2003-ஆம் வருஷம். அப்போது எங்கள் சபையில் ஏறக்குறைய 80 பேர் இருந்தோம். ஓலைக் கொட்டகையை எடுத்துவிட்டு ஆலயம் கட்டவேண்டும் என்று எல்லோருக்கும் வாஞ்சை. அந்த நேரத்தில் ஒரு சகோதரன் இரட்சிக்கப்பட்டு எங்களோடு சேர்ந்தார். கட்டட கான்ட்ராக்டர். நல்ல வசதி, நல்ல பேச்சு, எதிலும் உற்சாகம். வந்த மூன்றாம் மாதமே சபைக்கு மைக்செட் வாங்கிக் கொடுத்தார். ஐந்தாம் மாதம் கீபோர்டு வந்தது. சாட்சி சொல்ல எழுந்தால் சபையே கண்ணீர்விடும். "கர்த்தர் எனக்காகவே அனுப்பின மனுஷன்" என்று நான் நினைத்துவிட்டேன்.

எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து அறிவிப்பு சொல்லுகிற நேரத்தில், அவரை மூப்பராக அறிவித்தேன். உபவாசமும் இல்லை, மூத்த விசுவாசிகளோடு ஆலோசனையும் இல்லை. சபையார் கை தட்டினார்கள். அங்கேயே அவர் தலைமேல் கைகளை வைத்து ஜெபித்தேன். கட்டட நிதியையும் கட்டட வேலையையும் அவர் கையிலேயே ஒப்புக்கொடுத்தேன்.

முந்தின இரவு என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அவங்க வீட்டுக்கு நீங்க ஒரு தடவையாவது போயிருக்கீங்களா?" போனதில்லை. "எல்லாம் கர்த்தர் பாத்துக்குவார், நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அந்த வார்த்தை என்னைக் குத்துகிறது.

ஒன்றரை வருஷம் போனது. சுவர் பாதியில் நின்றது. கணக்கு கேட்டால் பில் இல்லை. இரண்டாந்தரம் கேட்டால் கோபம். "என்னையே சந்தேகப்படுறீங்களா பாஸ்டர்?" என்று சத்தம்போடுவார். பணத்தைத் திருடினார் என்று நான் சொல்லமாட்டேன். தன் தொழில் பணத்தையும் சபைப் பணத்தையும் ஒன்றாய்ப் போட்டுக் குழப்பிவிட்டார். ஒரு ஞாயிறு, ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே, ஒரு கொத்தனார் வாசலில் வந்து நின்றார். "உங்க பாட்டும் வேண்டாம், ஜெபமும் வேண்டாம். எங்க நாலு வாரக் கூலியைக் குடுங்க!" என்று கத்தினார். தெருவே வேடிக்கை பார்த்தது. அந்த மாதத்திலேயே சபை இரண்டாய்ப் பிரிந்தது. 11 குடும்பங்கள் வெளியே போனார்கள். அந்தச் சகோதரனும் போய்விட்டார்.

பிரியமானவர்களே, இதில் குற்றவாளி யார்? வெகுநாள் அவர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் 1 தீமோத்தேயு 5:22 என்னைப் பிடித்தது. ஒருவன்மேல் சீக்கிரமாய்க் கைகளை வைக்கவேண்டாம் என்று எச்சரிக்கிற பவுல், அதே வசனத்தில் மற்றவர்களுடைய பாவங்களுக்குப் பங்காளியாகக்கூடாது என்றும் சொல்லுகிறார். அவசரமாய்க் கை வைத்தவனுக்கு அதிலே பங்கு உண்டு. அந்தப் பங்கு என்னுடையது.

இப்போது வேதம் என்ன சொல்லுகிறது என்று கவனிப்போம்.

1. சபை அறிந்த சாட்சி வேண்டும்

எருசலேம் சபையில் முறுமுறுப்பு உண்டானது. அன்றாட விசாரணையில் கிரேக்கு பேசுகிற யூதருடைய விதவைகள் விட்டுவிடப்பட்டார்கள். அப்போஸ்தலர்கள் தாங்களே ஏழு பேரை நியமித்திருக்கலாம், அதிகாரம் இருந்தது. ஆனால் அவர்கள் சீஷர்கள் எல்லோரையும் வரவழைத்து, நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். ஏன்? பந்தியிலே கூட உட்காருகிறவர்களுக்குத்தான் ஒருவனுடைய உண்மையான சாட்சி தெரியும். பிரசங்க மேடையில் நிற்கிறவனுக்கு அது தெரியாது.

அங்கே கேட்கப்பட்ட தகுதிகள் மூன்று: நற்சாட்சி, ஆவியின் நிறைவு, ஞானம். இது என்ன பெரிய வேலைக்கு? பந்தி விசாரிக்கிற வேலைக்கு! சோறு பங்கிடவே பரிசுத்த ஆவி நிறைந்தவன் வேண்டுமானால், ஆத்துமாக்களைக் காக்கிற மூப்பருக்கு எவ்வளவு வேண்டும்!

இன்னொன்றையும் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. இந்த ஏழும் கிரேக்குப் பெயர்கள். நிக்கொலா அந்தியோகியாவிலிருந்து வந்து யூத மார்க்கத்தில் சேர்ந்தவன். அதாவது, எந்தப் பக்கத்து விதவைகள் அழுதார்களோ, அந்தப் பக்கத்து மொழி பேசுகிறவர்களின் கையிலேயே சபை பந்தியை ஒப்புக்கொடுத்ததாகத் தெரிகிறது. "நம்ம ஆளு எத்தனை பேரு?" என்று ஒருவரும் எண்ணவில்லை. நம் ஊர்களில் மூப்பர் தெரிவு வந்தால் எந்த ஜாதி, எந்தத் தெரு, யாருக்குச் சொந்தம் என்று கிசுகிசுப்பு வருகிறதே, அது ஆவியானவருடைய சத்தம் அல்ல.

முடிவு என்ன? தேவவசனம் பெருகினது, சீஷர்களின் தொகை பெருகினது, ஆசாரியரிலும் அநேகர் விசுவாசத்துக்குக் கீழ்ப்பட்டார்கள் (அப். 6:7). சரியான ஆட்களைத் தெரிந்தெடுத்தபோது எழுப்புதல் தடையில்லாமல் ஓடினது. அல்லேலூயா!

2. வரத்துக்கு முன் குணம்

1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தில் கண்காணிக்குரிய தகுதிகளை ஒரு பென்சிலை வைத்து எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய 15 வரும். அதில் திறமை என்று சொல்லத்தக்கது எது? போதிக்கிற சமர்த்து, குடும்பத்தை நடத்துகிற விதம், இவ்வளவுதான். மற்றதெல்லாம் குணம். குடிவெறி இல்லாமை, அடிக்காமை, சண்டையிடாமை, பண ஆசை இல்லாமை, பொறுமை, அந்நியரை உபசரித்தல்.

நாமோ தலைகீழாய்ப் பார்க்கிறோம். நல்லாப் பாடுறாரா? நல்லா ஜெபிக்கிறாரா? ஆள் பலம் உண்டா? வசதி உண்டா? நான் மைக்செட்டைப் பார்த்தேன். கணக்கு கேட்டால் கோபப்படுகிற சுபாவத்தைப் பார்க்கவில்லை. வரம் ஒரே நாளில் கொடுக்கப்படலாம். ஆவியின் கனி பழுக்கக் காலம் வேண்டும். அபிஷேகத்தில் அந்நியபாஷை பேசினவர் மறுநாள் காலையில் கடன்காரனிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்கவேண்டும்.

மோசேக்கு அவருடைய மாமன் எத்திரோ சொன்ன ஆலோசனையும் இதுதான் (யாத். 18:21). ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்து பேருக்கும் தலைவர்கள் வேண்டும். திறமை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் திறமையோடுகூட தேவபயமும், உண்மையும், பொருளாசையின்மேல் வெறுப்பும் இருக்கவேண்டும் என்றார். பணத்தைக் குறித்த காரியம் அன்றைக்கே பட்டியலில் இருந்தது.

3. வீட்டிலும் வெளியிலும் விசாரியுங்கள்

தன் சொந்த வீட்டை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் கேட்கிறார். ஆகவே வீட்டுக்குப் போங்கள். குற்றம் கண்டுபிடிக்கிற போலீஸ்காரரைப்போல அல்ல. ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற சகோதரனாய்ப் போங்கள். அவர் உள்ளே வரும்போது பிள்ளைகள் ஓடிவருகிறார்களா, ஒதுங்கிப் போகிறார்களா? மனைவி பயமில்லாமல் பேசுகிறாளா? நான் பல மாதம் கழித்து அந்தச் சகோதரன் வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி கதவோரம் நின்றுகொண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. எட்டாம் மாதத்திலேயே போயிருந்தால் அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்கும்.

அடுத்தது, புறம்பானவர்களின் நற்சாட்சி (1 தீமோ. 3:7). இதை நாம் அநேகமாய் மறந்துவிடுகிறோம். "உலகத்தார் என்ன சொன்னால் நமக்கென்ன?" என்கிறோம். வேதம் அப்படிச் சொல்லவில்லையே! மளிகைக் கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்கிறவர், கூலி வாங்குகிறவர், இவர்கள் வாயிலிருந்து வருகிற சாட்சி வேண்டும். வாசலில் வந்து கத்தின அந்தக் கொத்தனாரிடம் நான் முன்னமே போய், "இவர் கூலியை ஒழுங்காக் குடுப்பாரா அண்ணே?" என்று கேட்டிருந்தால், இரண்டு நிமிஷத்தில் பதில் கிடைத்திருக்கும்.

4. சோதித்து, காத்திருந்து

உதவிக்காரர்கள் முதலில் சோதிக்கப்படவேண்டும், குற்றமில்லாதவர்களானால் பிறகு ஊழியஞ் செய்யலாம் என்பது 1 தீமோத்தேயு 3:10-இன் போதனை. பொறுப்பைக் கொடுத்துவிட்டுச் சோதிப்பது அல்ல, சோதித்துவிட்டுக் கொடுப்பது. கண்காணி நூதன சீஷனாய் இருக்கக்கூடாது என்றும், இருந்தால் இறுமாப்படைந்து பிசாசுக்கு வந்த ஆக்கினையில் விழுவான் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. இந்த எச்சரிக்கையை இதுவரை சபையின் பாதுகாப்புக்காக மட்டும் வாசித்திருப்போம். இன்னொருதரம் வாசியுங்கள். இங்கே விழுகிறவன் யார்? அந்தப் புதிய விசுவாசி! அவனைக் காப்பாற்றவும் இந்தக் கட்டளை கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஒரு வித்தியாசத்தையும் கவனியுங்கள். தீத்துவுக்கு எழுதின பட்டியலில் இந்த "நூதன சீஷன்" என்ற வார்த்தை இல்லை. கிரேத்தாவில் காரியங்கள் இன்னும் ஒழுங்குபடுத்தப்படவேண்டியிருந்தது, பட்டணந்தோறும் அப்போதுதான் மூப்பரை ஏற்படுத்தவேண்டும். தீமோத்தேயு இருந்த எபேசுவிலோ சபை பல வருஷம் ஆனது; முதிர்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அதுபோலவே எங்கள் சபையிலும் முதிர்ந்தவர்கள் இருந்தார்கள். நான்தான் பார்க்கவில்லை.

யூதாசின் இடத்துக்கு ஆள் தேடினபோது பேதுரு என்ன கேட்டான்? யோவான் ஞானஸ்நானங்கொடுத்த நாள்முதல் கர்த்தர் பரமேறின நாள்மட்டும் எங்களோடு கூடவே நடந்தவன் வேண்டும் என்றான் (அப். 1:21, 22). மத்தியாவின் பெயர் சுவிசேஷங்களில் ஒரு இடத்திலும் இல்லை. ஆனாலும் அத்தனை நாளும் அவன் கூடவே இருந்தான்.

5. கண்ணுக்குத் தெரியாதவர்களைத் தேடுங்கள்

சாமுவேல் தீர்க்கதரிசிகூட எலியாபின் உயரத்தைப் பார்த்து ஏமாந்தார் (1 சாமு. 16). நாம் வெளித்தோற்றத்தைப் பார்க்கிறோம், கர்த்தரோ உள்ளத்தைப் பார்க்கிறார். தாவீது அப்போது வீட்டிலேயே இல்லை, ஆட்டுக்குப் பின்னால் இருந்தான். அபிஷேகம் பெற்ற அன்றைக்கே சிங்காசனமும் கிடைத்துவிடவில்லை. ராஜாவாகும்போது அவனுக்கு 30 வயது (2 சாமு. 5:4). அதற்குள் ஆட்டுத்தொழுவமும் குகையும் அவனைச் சோதித்து முடித்தன.

நம்முடைய பெந்தெகொஸ்தே சரித்திரத்திலும் இதைப் பார்க்கிறோம். வில்லியம் சீமோர் 1870-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்தவர். ஒரு கண்ணில் பார்வை இல்லை. ஹூஸ்டன் நகரத்து வேதபாடசாலையில், அக்காலத்து நிறபேதத்தினால், வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுப் படித்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் அவரை அழைத்த சபையே கதவைப் பூட்டிக்கொண்டது. அவர் சண்டைபோடவில்லை, ஒரு வீட்டிலே ஜெபிக்க ஆரம்பித்தார். 1906 ஏப்ரலில் அசூசா தெருவின் ஒரு பழைய மரக்கட்டடத்தில் தேவன் அவரைக் கொண்டு மூட்டின அக்கினி தேசங்களுக்குப் பரவினது. நம்முடைய அளவுகோலால் அளந்திருந்தால் அவரை உதவிக்காரராகக்கூட வைத்திருக்கமாட்டோம்!

எங்கள் சபையிலும் ஒருவர் இருந்தார். சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருந்த பெரியவர். ஞாயிறு விடியற்காலை கொட்டகையைத் திறந்து பாய் விரிப்பார். யாராவது வராவிட்டால் திங்கட்கிழமை அவர் சைக்கிள் அந்த வீட்டு வாசலில் நிற்கும். சபை உடைந்தபோது நான் சோர்ந்துபோய்ப் படுத்துக்கொண்டேன். அவரோ ஒருவரிடமும் சொல்லாமல், வெளியே போன 11 வீடுகளுக்கும் மாறிமாறிப் போய் ஜெபித்தார். ஒரு வருஷத்துக்குள் 6 குடும்பங்கள் திரும்பி வந்தார்கள். கொத்தனாரின் பாக்கிக் கூலிக்கு முதலில் 500 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே.

"ஐயா, நீங்க மூப்பரா இருக்கணும்" என்று கேட்டேன். "எனக்கு மைக் பிடிச்சுப் பேச வராதே பாஸ்டர்" என்றார். ஆனால் அவர் கடையில் வேலை பழகின மூன்று பையன்கள் அவரிடம் வேதம் கற்று ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். போதிக்கிற சமர்த்து வேறு என்ன? நாங்கள் அவர்மேல் கைகளை வைத்தபோது எனக்கு ஒன்று விளங்கினது. நாங்கள் அவரை மூப்பராக்கவில்லை. அவர் ஏற்கெனவே மூப்பராயிருந்ததை அன்றைக்குத்தான் நாங்கள் கண்டுகொண்டோம்.

6. ஆசைப்படுவது தவறா?

சிலர் கேட்பார்கள். தவறில்லை. கண்காணிப்பை விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்றே வேதம் சொல்லுகிறது (1 தீமோ. 3:1). வேலையை விரும்புகிறானா, நாற்காலியை விரும்புகிறானா என்பதுதான் கேள்வி. யோதாம் சொன்ன உவமையில் ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் தங்கள் கனிகொடுக்கிற வேலையை விட்டுவர மனதில்லாதிருந்தன. ராஜாவாக உடனே ஒத்துக்கொண்டது முட்செடிதான் (நியா. 9:8-15). பொறுப்பு கொடுக்காவிட்டாலும் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பாரா? அப்படிப்பட்டவரிடம் கொடுங்கள்.

7. உபவாசமும் ஜெபமும்

நம் ஆண்டவர் பன்னிருவரைத் தெரிந்துகொள்ளுமுன் இராமுழுவதும் ஜெபித்தார் (லூக். 6:12, 13). பவுலும் பர்னபாவும் லீஸ்திரா, இக்கோனியா, அந்தியோகியா சபைகளில் உபவாசித்து ஜெபித்து மூப்பரை ஏற்படுத்தினார்கள் (அப். 14:23). தேவகுமாரனுக்கே ஒரு இராத்திரி தேவைப்பட்டதானால், எனக்கு அறிவிப்பு நேரத்தில் இரண்டு நிமிஷம் போதுமென்று எப்படி நினைத்தேன்?

கடைசியாக ஒரு காரியம்

ஏழு வருஷம் கழித்து, 2012-இல் ஒரு மாலைக் கூட்டத்தில், அந்தச் சகோதரன் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. ஜெபம் முடிந்ததும் நானே அவரிடம் போனேன். "பிரதர், என்னை மன்னிச்சிடுங்க. உங்களை நான் அவசரப்பட்டுத் தூக்கி வச்சுட்டேன்" என்றேன். கொஞ்சநேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு யாராவது ஒருத்தர் 'இப்ப வேண்டாம் தம்பி, கொஞ்சம் பொறு'ன்னு சொல்லியிருக்கலாமே பாஸ்டர். நான் கோபப்பட்டிருப்பேன். ஆனா தப்பிச்சிருப்பேன்."

பிரியமானவர்களே, அந்த "யாராவது ஒருத்தர்" நான்தான். இன்று அவர் எங்கள் சபையில் அமைதியாய் உட்காருகிற ஒரு விசுவாசி. பாக்கியாயிருந்த கூலியையெல்லாம் கொடுத்துத் தீர்த்தார். கர்த்தருக்கே மகிமை! ஆனால் நடுவில் போன அந்த வருஷங்களை யார் திருப்பித் தருவார்?

ஆகவே எங்கள் சபையில் இந்தமுறை இப்படித் தீர்மானித்திருக்கிறோம். முதலில் மூன்று நாள் உபவாச ஜெபம். பிறகு விசுவாசிகள் தாங்கள் அறிந்த பெயர்களைத் தருவார்கள். நானும் மூத்தவர்களும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போவோம், வெளியாரிடமும் விசாரிப்போம். அதன்பின் ஆறு மாதம் பட்டம் இல்லாமல் வேலை செய்வார்கள். பணம் சம்பந்தப்பட்ட எதுவும் ஒருவர் கையில் மட்டும் இருக்காது. கடைசியில்தான் கைகளை வைப்போம். தாமதம்தான். ஆனாலும் சில பாவங்களும் சில நற்கிரியைகளும் பின்னால்தான் வெளிப்படும் என்று வேதம் சொல்லுகிறதே (1 தீமோ. 5:24, 25). அவை வெளிப்பட நாம் இடங்கொடுக்கவேண்டாமா?

வீட்டு ஜெபக்குழுவில் கலந்து பேச

1. நம் சபையில் பெயர் சொல்லாமல் உழைக்கிறவர் யார்? அவருக்கு நாம் கடைசியாக நன்றி சொன்னது எப்போது?
2. என் அயலகத்தாரிடம் என்னைப்பற்றி விசாரித்தால் என்ன சொல்லுவார்கள்?
3. பணம், ஜாதி, சொந்தம் இவைகளைப் பார்த்து நான் யாருக்காவது ஆதரவு கொடுத்திருக்கிறேனா? யாரையாவது ஒதுக்கியிருக்கிறேனா?
4. "இப்போது வேண்டாம், பொறு" என்று என்னிடம் சொன்னால் நான் சகிப்பேனா?

ஜெபம்: எல்லாருடைய இருதயங்களையும் அறிந்திருக்கிற ஆண்டவரே, எங்கள் கண்களை நம்பி நாங்கள் செய்த தெரிவுகளை மன்னியும். எங்கள் அவசரத்தினால் விழுந்தவர்களைத் தூக்கிவிடும். நீர் ஆயத்தப்படுத்தி வைத்திருக்கிறவர்களை எங்களுக்குக் காண்பியும். அதுவரைக்கும் எங்கள் கைகளைத் தடுத்துவையும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.